கோப்புத் தேர்வுப் பெட்டியும் இயங்குதளங்களும்

ஆய்வுக்கூடத்திலும் பள்ளியிலும் கள அலுவலகத்திலும் கணிப்பொறியைக் கையாள்வோர் நாள்தோறும் செய்யும் செயல்களுள் மிக எளியதாகத் தோன்றுவது, முன்பு சேமித்து வைத்த கோப்பு ஒன்றைத் திறப்பதும், புதிதாக எழுதியதைச் சேமித்து வைப்பதுமாகும். 'திற' என்றோ 'சேமி' என்றோ கட்டளையிட்டவுடன் திரையில் ஒரு பெட்டி தோன்றுகிறது. அதில் கோப்புறைகளும் கோப்புகளும் வரிசையாக நிற்கின்றன. வேண்டியதைச் சுட்டி அழுத்தினால் வேலை முடிந்தது. இதனைக் கோப்புத் தேர்வுப் பெட்டி என்று கூறலாம். காரியம் செவ்வனே நடைபெறும் வரையில் இப்பெட்டியைப் பற்றி எவரும் நினைப்பதில்லை.

ஆயினும், விண்டோஸ் இயங்குதளத்தில் பழுதின்றி நடந்த ஒரு நிரல், லினக்ஸ் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டவுடன் புகைப்படங்களைக் காட்ட மறுப்பதுண்டு. ஒரு கணிப்பொறியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கோப்பின் பெயரை மற்றொன்று ஏற்க மறுப்பதுண்டு. ஒரு பருவம் முழுவதும் குறித்து வைத்த மழையளவுப் பட்டியல், எச்சரிக்கை ஏதுமின்றி வேறொரு பட்டியலால் அழிக்கப்படுவதுமுண்டு. சென்ற ஆண்டு பெய்த மழையை மறுபடி அளக்க எவராலும் இயலாது. ஆகவே இச்சிறு பெட்டி பிழையின்றி இயங்குவது விஞ்ஞானப் பணிக்கு இன்றியமையாத ஒன்றாகும்.

நம் நாட்டில் இக்கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. சி-டாக் நிறுவனம் 2007-ம் ஆண்டில் 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகை இயங்குதளத்தை வெளியிட்டது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் அடிப்படையிலான தொகுதியைக் கொண்டே கணிப்பொறிக் கல்வி நடைபெறுகிறது. திறந்த மூல நிரல்களை அரசு அலுவலகங்களில் ஏற்பது பற்றிய கொள்கையை மத்திய அரசு 2015-ம் ஆண்டில் வெளியிட்டது. மறுபுறம் விண்டோஸ் கணிப்பொறிகள் ஏராளமாக உள்ளன. களப்பணியாளரின் கையில் ஆண்ட்ராய்டு தொலைபேசி இருக்கிறது. ஒரே தரவு இவை எல்லாவற்றையும் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டி தோன்றிய வரலாறு

1984-ம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கிண்டோஷ் கணிப்பொறியில், கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் ஒரு பொதுவான பெட்டி இயங்குதளத்தின் பகுதியாகவே அமைந்திருந்தது. நிரல் எழுதுவோர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப்பெட்டி ஒன்றை வரைய வேண்டியிருக்கவில்லை. இருப்பதை அழைத்துப் பயன்படுத்தினால் போதுமானதாயிருந்தது.

விண்டோஸில் இவ்வசதி 1992-ம் ஆண்டில் வெளியான 3.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிரலும் தன் விருப்பப்படி ஒரு பெட்டியைக் காட்டிற்று. 1995-ம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு மற்றொரு மாறுதலைக் கொணர்ந்தது. அதுகாறும் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்களுக்கும், அதன் பின்னொட்டு மூன்று எழுத்துக்களுக்கும் மேற்படலாகாது என்னும் விதி இருந்தது. அது தளர்ந்து, 255 எழுத்துக்கள் வரை பெயரிட வழி பிறந்தது.

லினக்ஸின் கதை வேறு. அங்கு திரையை ஆளும் நிறுவனம் ஒன்றன்று. ஜிடிகே, க்யூடி என்னும் இரு கருவித்தொகுதிகள் தத்தமக்குரிய பெட்டிகளைக் கொண்டுள்ளன. இதன் பயனாக, ஒரே கணிப்பொறியில் அடுத்தடுத்துத் திறக்கும் இரு நிரல்கள் இருவேறு தோற்றமுள்ள பெட்டிகளைக் காட்டக்கூடும்.

சொந்தப் பெட்டியும் தளத்தின் பெட்டியும்

பல இயங்குதளங்களிலும் ஓட வேண்டிய நிரலை எழுதுபவர் முன் இரு வழிகள் உள்ளன. முதலாவது, எல்லா இடங்களிலும் ஒரே தோற்றமுள்ள பெட்டியைத் தாமே வரைந்துகொள்வது. ஜாவா மொழியின் ஸ்விங் தொகுதி இவ்வழியைப் பின்பற்றுகிறது. இரண்டாவது, அந்தந்த இயங்குதளம் தரும் பெட்டியை அழைப்பது. க்யூடி தொகுதி வேறு கட்டளை இல்லாதபோது இதையே செய்கிறது. டிகே என்னும் பழைய தொகுதியோ விண்டோஸிலும் மாக்கிலும் தளத்தின் பெட்டியை அழைத்து, லினக்ஸில் மட்டும் தன் சொந்தப் பெட்டியைக் காட்டுகிறது.

முதல் வழி நிரலாளருக்கு எளிது, உபயோகிப்பவருக்கே கடினம். அவர் பழகிய இடத்தில் பழகிய பொத்தான் இராது. விண்டோஸில் ஒப்புதல் பொத்தான் முதலிலும் அதன் வலப்புறம் விலக்குப் பொத்தானும் அமைவது வழக்கம். மாக்கிலும், லினக்ஸின் க்னோம் திரையிலும் இவ்வரிசை தலைகீழாக உள்ளது. ஒப்புதல் பொத்தான் வலக்கோடியில் நிற்கிறது. கைப்பழக்கத்தால் அழுத்துபவர் இங்கு தவறிவிடுகிறார். மேலும், அவர் அடிக்கடி செல்லும் கோப்புறைகளின் பட்டியலும், புதிதாகச் செருகிய பேனா டிரைவும் சொந்தப் பெட்டியில் தோன்றாமல் போகலாம்.

ஆகவே தளத்தின் பெட்டியை அழைப்பதே பொதுவாக ஏற்றது. ஆனால் அதனுடன் பொறுப்பும் வருகிறது. வெளியே ஒன்றுபோல் தோன்றும் இப்பெட்டிகள் உள்ளே வெவ்வேறு விதிகளின்படி இயங்குகின்றன. அவ்விதிகளை அறியாது ஒன்றின் மீது எழுதிய நிரல் மற்றொன்றின் மீது இடறி விழும்.

பெயர்களின் விதி

கோப்புறைகளைப் பிரித்துக் காட்ட விண்டோஸ் பின்சாய்ந்த கோட்டை வழங்குகிறது. லினக்ஸும் இன்றைய மாக்கும் முன்சாய்ந்த கோட்டை வழங்குகின்றன. பழைய மாக்கிண்டோஷ் முக்காற்புள்ளியை வழங்கிற்று. ஆதலால் பாதையை நிரலாளர் தாமே குறியிட்டு ஒட்டவைத்தல் கூடாது. அதற்கெனத் தக்க பகுதிகள் பல நிரல்மொழிகளிலும் உள்ளன.

பெயரில் இடம்பெறக் கூடாத குறிகளும் வேறுபடுகின்றன. லினக்ஸில் முன்சாய்ந்த கோடு ஒன்றே நடைமுறையில் விலக்கப்பட்ட குறி. விண்டோஸிலோ இரு வகைச் சாய்கோடுகள், முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், செங்குத்துக் கோடு, கோண அடைப்புகள் ஆகிய ஒன்பதும் ஆகா. பெயரின் இறுதியில் நிற்கும் புள்ளியும் இடைவெளியும் அங்கு தாமாகவே நீக்கப்படும். லினக்ஸ் கணிப்பொறியில் '10:30 அளவீடு' என்று பெயரிட்டுச் சேமித்த கோப்பு, விண்டோஸ் கணிப்பொறிக்கு வரும்போது நகலெடுக்க மறுக்கப்படுவதன் காரணம் இதுவே. '12/6' என்று நாளைக் குறிப்பதும் விண்டோஸிலும் லினக்ஸிலும் செல்லாது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு தமிழில் இல்லை. ஆங்கிலப் பெயர்களில் உண்டு. லினக்ஸ் அவ்விரண்டையும் வேறு வேறாகக் கொள்கிறது. விண்டோஸும் மாக்கும் சாதாரணமாக அவற்றை ஒன்றாகவே கொள்கின்றன. எனவே லினக்ஸில் ஒரே கோப்புறையில் அருகருகே இருந்த இரு கோப்புகள், விண்டோஸுக்குச் சென்றதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடக்கூடும்.

பாதையின் நீளத்திற்கும் வரம்பு உண்டு. விண்டோஸில் முழுப்பாதையும் 260 எழுத்து அளவுக்குள் அடங்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2016-ம் ஆண்டு முதல் அவ்வரம்பைத் தாண்ட வசதி தரப்பட்டது. எனினும் அதனைத் தனியே இயக்கி வைக்க வேண்டும். நிரலும் அதற்கேற்ப எழுதப்பட்டிருக்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிக்கொண்டே போவோர் இதனை நினைவில் இருத்தல் நன்று.

தமிழில் பெயரிடும்போது

இந்திய மொழிகளில் கோப்புக்குப் பெயரிடுவது இன்று இயல்பாகிவிட்டது. யூனிகோட் முறை இதற்கு வழி வகுத்தது. ஆயினும் இங்கு இரண்டு நுட்பங்கள் உள்ளன.

முதலாவது அளவு பற்றியது. லினக்ஸில் பெரிதும் வழங்கும் கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று எனத் தனித்தனியே எண்ண வேண்டும். 'தோட்டம்' என்னும் நான்கெழுத்துச் சொல் ஏழு குறியீடுகளாகி 21 பைட்டுகளைக் கொள்கிறது. ஆக, தமிழ்ப் பெயருக்கு 85 குறியீடுகளே எல்லை. விண்டோஸில் தமிழ்க் குறியீட்டையும் ஆங்கில எழுத்தையும் ஒன்றுபோல் எண்ணுவதால் அங்கு ஏற்கப்பட்ட நீண்ட தலைப்பு லினக்ஸில் மறுக்கப்படும்.

இரண்டாவது நுட்பம் கண்ணுக்குப் புலப்படாதது. 'தோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோட் முறையில் இரு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாகவும் எழுதலாம்; முன்னே நிற்கும் இரட்டைக் கொம்பு, பின்னே நிற்கும் கால் என இரு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் 1998-ல் வந்த மாக்கின் கோப்பு முறை, எப்படிப் பெயரிட்டாலும் பிரித்த வடிவிலேயே எழுதி வைத்தது. 2017-ல் அதற்கு மாற்றாக வந்த புதிய முறை, கொடுத்த வடிவை அப்படியே காத்து, இரு வடிவங்களையும் ஒரே பெயராக மதிக்கிறது. லினக்ஸும் விண்டோஸும் சாதாரணமாக இவ்விரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கருதுகின்றன.

இதன் விளைவு விசித்திரமானது. பழைய மாக்கிலிருந்து வந்த 'தோட்டம்' என்னும் கோப்பும், லினக்ஸில் தட்டெழுதிய 'தோட்டம்' என்னும் கோப்பும் ஒரே பெட்டியில் இரட்டையராக நிற்கும். பெயரைத் தட்டெழுதித் தேடும் நிரல், கண்முன் இருக்கும் கோப்பை 'இல்லை' என்று சொல்லும். இதற்குப் பரிகாரம் யாதெனில், பெயர்களை ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்து ஒப்பிடுவதும், கோப்பைத் திறக்கும்போது பெட்டி தந்த பெயரை ஓர் எழுத்தும் மாற்றாது அப்படியே பயன்படுத்துவதுமாகும்.

வடிகட்டும் முறை

தேர்வுப் பெட்டி எல்லாக் கோப்புகளையும் காட்டாமல், வேண்டிய வகையை மட்டும் வடிகட்டிக் காட்டுவது ஒரு பேருதவி. விண்டோஸ் இதனைப் பெயரின் பின்னொட்டைக் கொண்டு செய்கிறது. மாக் 2005-ம் ஆண்டு முதல் வகைப்பெயர் என்னும் ஏற்பாட்டைக் கைக்கொண்டது. ஆண்ட்ராய்டு, இணையத்தில் வழங்கும் மைம் வகைகளைக் கேட்கிறது. லினக்ஸ் பின்னொட்டு, மைம் வகை ஆகிய இரண்டையும் ஏற்கிறது.

களப்பணியாளர் அடிக்கடி காணும் இடர் ஒன்று இங்கே பிறக்கிறது. புகைப்படக் கருவிகள் பல, பின்னொட்டைப் பெரிய எழுத்துக்களில் எழுதுகின்றன. நிரலாளர் சிறிய எழுத்துக்களில் மட்டும் வடிகட்டி அமைத்திருந்தால், விண்டோஸில் படங்கள் தோன்றும். லினக்ஸில் கோப்புறை வெறுமையாகத் தோன்றும். பயிர் நோயைப் படமெடுத்து வந்தவர் படங்கள் அழிந்தனவென்று கலங்குவார். உண்மையில் படங்கள் அங்கேயே உள்ளன. ஆகவே இரு வடிவங்களையும் வடிகட்டியில் சேர்ப்பதோடு, 'எல்லாக் கோப்புகளும்' என்னும் ஒரு வழியையும் எப்போதும் திறந்து வைத்தல் வேண்டும்.

சேமிக்கும்போது நேரும் இழப்பு

திறக்கும் பெட்டியில் நேரும் பிழை நேரத்தை வீணாக்கும். சேமிக்கும் பெட்டியில் நேரும் பிழை தரவையே அழிக்கும். அதன் போக்கைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

ஒருவர் 'மே மழையளவு' என்று பின்னொட்டின்றிப் பெயரிடுகிறார் என்க. அப்பெயரில் கோப்பு ஏதும் இல்லை என்று பெட்டி கண்டு, எச்சரிக்கையின்றி ஒப்புக்கொள்கிறது. அதன் பின்னர் நிரல் தானாகவே பின்னொட்டைச் சேர்க்கிறது. பின்னொட்டுடன் கூடிய அதே பெயரில் சென்ற ஆண்டின் கோப்பு ஏற்கெனவே இருக்குமாயின், புதியது அதன்மேல் எழுதப்பட்டுவிடும். பெட்டி தன் கடமையைச் செய்தது. நிரலும் தன் கடமையைச் செய்தது. இரண்டின் இடைவெளியில் ஓராண்டின் அளவீடு மறைந்தது. பின்னொட்டைச் சேர்க்கும் வேலையைப் பெட்டியிடமே விடுவது, அல்லது சேர்த்த பின் மீண்டும் ஒருமுறை சோதிப்பது, இவ்விரண்டுள் ஒன்று கட்டாயம் தேவை.

எச்சரிக்கை செய்வதிலும் தளங்கள் ஒத்திருக்கவில்லை. ஜிடிகே தொகுதியின் மூன்றாம் பதிப்பில், நிரலாளர் தனியே கேட்டாலன்றி மேலெழுதும் எச்சரிக்கை எழுவதில்லை. 2020-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் அது நிரந்தரமாக்கப்பட்டது.

வேறு சில நுட்பங்களும் கவனிக்கத்தக்கவை. விண்டோஸின் பழைய பெட்டி, உபயோகிப்பவர் கோப்புறைகளில் உலவும்போது நிரலின் நடப்புக் கோப்புறையையும் உடன் மாற்றிவிட வல்லது. அதனால் நிரல் அடுத்து எழுதும் குறிப்புகள் எங்கோ ஓரிடத்தில் விழும். ஒரே தடவையில் பல கோப்புகளைத் தெரிவு செய்யும்போது அவற்றின் பெயர்களைப் பெற அப்பெட்டிக்கு நிரல் ஒதுக்கிய இடம் போதாவிடில், தெரிவு முழுவதும் கைக்கு வராது போகும். பத்துப் படங்களுக்கு நடந்த வேலை இருநூறு படங்களுக்கு நடவாமைக்குக் காரணம் இது. விலக்குப் பொத்தானை அழுத்துவது பிழையன்று. 'வேண்டாம்' என்னும் விடையே ஆகும். அதனைப் பிழையெனக் கொண்டு நிரல் நின்றுவிடுதல் கூடாது.

பாதைக்கு மாறாக அனுமதி

முற்காலத்தில் தேர்வுப் பெட்டி ஒரு பாதையைத் திருப்பித் தந்தது. நிரல் அப்பாதையைப் பின்பற்றி எதையும் திறக்கலாம். அண்மைக் காலத்தில் இக்கருத்து மாறியுள்ளது. நிரல் ஒவ்வொன்றும் வேலிக்குள் அடைக்கப்படுகிறது; உபயோகிப்பவர் பெட்டியில் சுட்டிய கோப்பு மட்டுமே வேலியைத் தாண்டி உள்ளே அனுப்பப்படுகிறது. மாக் இம்முறையை 2011-ல் கொணர்ந்தது. ஆண்ட்ராய்டு 2013-ல் வெளியான 4.4 பதிப்பில், பாதைக்கு மாறாக ஆவணத்தின் முகவரி ஒன்றைத் தரும் பெட்டியை அமைத்தது. லினக்ஸில் பிளாட்பாக் என்னும் முறையில் வரும் நிரல்களுக்கு, பெட்டியை நிரலுக்கு வெளியே இயங்கும் வேறொரு பகுதி காட்டுகிறது.

இணைய உலாவிகளும் இவ்வாறே. படிவத்தில் கோப்பை இணைக்கும்போது, 'பொய்ப்பாதை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுடன் கூடிய பாதை ஒன்று சிலசமயம் தோன்றும். இதனை வைரஸ் என்று அஞ்சுவோர் உளர். அஞ்ச வேண்டுவதில்லை. கணிப்பொறியின் உண்மைப் பாதையை வெளியாருக்குக் காட்டாதிருக்க உலாவி இடும் திரை அது.

இம்முறையில் சென்ற முறை திறந்த கோப்பைப் பாதையைக் கொண்டு நினைவில் வைத்திருக்கும் நிரல், மறுநாள் அதைத் திறக்க இயலாது திகைக்கும். அனுமதியையும் சேர்த்து நினைவில் வைக்க ஒவ்வொரு தளமும் ஒரு வழி தந்துள்ளது. அவ்வழியே செல்ல வேண்டும்.

களத்திலும் வகுப்பிலும் கடைப்பிடிக்க வேண்டியவை

நிரல்கள் திருந்தும் வரையில் காத்திராமல், அவற்றைக் கையாள்வோரும் சில பழக்கங்களால் இழப்பைத் தவிர்க்கலாம்.

1. கோப்பின் பெயரில் எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றை மட்டும் வழங்குக. நேரத்தை '10-30' என்றும், நாளை '2024-06-12' என்றும் எழுதுக. ஆண்டு முதலில் நிற்பதால் பட்டியலும் கால வரிசையில் அமையும்.

2. வரிசை எண்களை '01', '02' எனப் பூச்சியம் சேர்த்து எழுதுக. அல்லாவிடில் சில பெட்டிகளில் 1-க்குப் பின் 10 வந்து நிற்கும்.

3. தமிழ்ப் பெயர் சுருக்கமாயிருத்தல் நலம். விளக்கம் நீளுமாயின் அதனைக் கோப்பின் உள்ளே முதல் வரியில் எழுதுக.

4. சேமிக்கும்போது பின்னொட்டையும் தாமே தட்டெழுதுக. லிப்ரே ஆபீஸ் போன்ற நிரல்களில் பின்னொட்டைத் தானாகச் சேர்க்கும் கட்டம் இருப்பின் அது இயங்குகிறதா என்று நோக்குக.

5. கோப்புறை வெறுமையாகத் தோன்றினால், அழிந்ததென்று முடிவு செய்வதற்கு முன் வடிகட்டியை 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றிப் பார்க்க.

6. மேலெழுதலாமா என்று பெட்டி கேட்கும்போது வாசியாது ஒப்புதல் அளிக்கற்க. மூலத் தரவின் நகல் ஒன்றைத் தனியே வைத்திருக்க.

ஆசிரியர்கள் இவற்றை ஒரு சிறு பரிசோதனையாக வகுப்பில் நடத்திக் காட்டலாம். ஒரே பேனா டிரைவில் லினக்ஸ் கணிப்பொறியிலிருந்து ஒரு கோப்பையும், விண்டோஸ் கணிப்பொறியிலிருந்து ஒரு கோப்பையும் சேமித்து, மாறி மாறித் திறந்து பார்க்கச் செய்யலாம். பெரிய எழுத்துப் பின்னொட்டுள்ள படமொன்றை ஒரு நிரல் காட்டுவதையும் மற்றொன்று மறைப்பதையும் மாணவர் தம் கண்ணாலேயே கண்டால், கணிப்பொறி தன் விருப்பப்படி நடப்பதில்லை, எழுதப்பட்ட விதிப்படியே நடக்கிறது என்னும் உண்மை அவர்கள் மனத்தில் பதியும். அவர்களுள் சிலர் நாளை நிரல் எழுதுவோராகலாம்.

நிரல் எழுதுவோரின் கடமை இதனினும் பெரிது. தம் மேசையிலுள்ள ஒரு கணிப்பொறியில் மட்டும் சோதித்து நிறைவடையாமல், விண்டோஸ், மாக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஒவ்வொன்றிலும் தமிழ்ப் பெயருள்ள கோப்பு, நீண்ட பாதை, வெறும் விலக்கு, இருநூறு படங்கள், ஏற்கெனவே உள்ள பெயர் ஆகிய ஐந்தையும் சோதித்தல் வேண்டும். இச்சோதனைக்குச் செலவாவது ஒரு பிற்பகல். அது தவறினால் தொலைவது, எங்கோ ஒரு சிற்றூரில் நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியின் அருகில் நின்ற ஒருவரின் ஓராண்டு உழைப்பு.